சின்ன கிடார், பெரிய குழப்பம்: உடலளவும் மரமும் பற்றிச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதல் கிடார் வாங்குவோருக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கிடார் பழுது பார்ப்பதும், கம்பியின் உயரத்தைச் சரிசெய்வதும், கம்பிகளை உடலோடு பிடித்து நிற்கும் பிரிட்ஜ் எனும் கட்டை உடைந்தால் ஒட்டுவதும்தான் எங்கள் தொழில். சின்ன உடல் கொண்ட அக்கூஸ்டிக் கிடார்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அந்த வகையில் கட்டுரையை மனதார வரவேற்கிறோம். ஆனால் அதில் மூன்று செய்திகள் தவறு. அவற்றை நம்பிக் கடைக்குப் போகிறவர் பணத்தையும் இழப்பார், வேண்டாத கிடாரையும் தூக்கி வருவார். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதல் தவறு, "38 இன்ச் சிறுவர்களுக்கு, 41 இன்ச் பெரியவர்களுக்கு" என்பது. 38, 39, 40, 41 என்று நம் ஊர்க் கடைகளில் சொல்வது கிடாரின் தலை முதல் வால் வரையிலான மொத்த நீளம். அந்த எண்ணை வைத்து உடலின் அளவையும் சொல்ல முடியாது, கம்பியின் நீளத்தையும் சொல்ல முடியாது. உலகப் புகழ்பெற்ற சின்ன கிடார்கள் பலவும் மொத்த நீளத்தில் 38-க்கும் 40-க்கும் இடையில்தான் வரும். அவற்றை யாரும் சிறுவர் கிடார் என்பதில்லை. 1939-ல் மார்ட்டின் நிறுவனம் செய்த 000-42 ரகக் கிடார் ஒன்றை ஆங்கிலேய கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992-ல் தொலைக்காட்சி மேடையில் வாசித்தார். அது 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 7,91,500 டாலருக்குப் போனது. அதுவும் சின்ன உடல் கிடார்தான்.

பார்க்க வேண்டிய அளவுகள் வேறு. உடலின் கீழ்ப்பகுதியில், அதாவது பிரிட்ஜ் உட்காரும் வயிற்றில், மிக அகலமான இடத்தில் டேப் வையுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் இருக்கும் மார்ட்டின் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்படுத்திய அளவுமுறையைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். அதில் 0 என்ற அளவுக்கு அகலம் 13½ அங்குலம், ஏறக்குறைய 34.3 செ.மீ. 00-க்கு 14 5/16 அங்குலம், 36.4 செ.மீ. 000-க்கு 15 அங்குலம், 38.1 செ.மீ. பெரிய கிடார் என்று எல்லோரும் சொல்லும் டிரெட்நாட்டுக்கு 15⅝ அங்குலம், 39.7 செ.மீ. பூஜ்யம் கூடக் கூட உடல் பெரிதாகும். கிப்சன் நிறுவனத்தின் எல்-00 கிடார் இந்த வரிசையில் 00-க்கும் 000-க்கும் நடுவே, 14¾ அங்குலத்தில் நிற்கிறது. சின்ன கிடாரைக் குறிக்கும் 'பார்லர்' என்ற சொல்லுக்கு மட்டும் நிலையான அளவு கிடையாது. 12 அங்குலத்தையும் பார்லர் என்பார்கள், 13½ அங்குலத்தையும் பார்லர் என்பார்கள். கடைக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

000-க்கும் டிரெட்நாட்டுக்கும் அகலத்தில் ஒன்றரை செ.மீ. அளவுதானே வித்தியாசம் என்று தோன்றும். உண்மையான வேறுபாடு ஆழத்திலும் இடுப்பிலும் இருக்கிறது. 000-ன் ஆழம் வால்பக்கத்தில் சுமார் 10.5 செ.மீ., டிரெட்நாட்டுக்கு 12.4 செ.மீ. டிரெட்நாட்டின் இடுப்பு அகலமானது, 000-ன் இடுப்பு நன்றாக உள்வாங்கியது. உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த இடுப்புதான் தொடையில் பொருந்துகிறது. டிரெட்நாட்டின் ஆழத்தைத் தாண்டிக் கையைப் போட்டு வாசித்து வலது தோள்பட்டை வலியோடு இருப்பவர்கள் ஏராளம். உயரம் குறைந்தவர்கள், பெண்கள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆகியோருக்கு 0, 00, 000 மூன்றுமே முழு அளவுக் கிடார்தான். உடம்புக்கு இசைந்த கிடாரும் கூட.

இரண்டாவது அளவு ஸ்கேல், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடில் வரை கம்பி அதிரும் நீளம். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைத்துவிடும். 316 மி.மீ. வந்தால் ஸ்கேல் 632, அதாவது 24.9 அங்குலம். 322.5 வந்தால் 645, அதாவது 25.4 அங்குலம். இந்த அரை அங்குலம் சின்ன விஷயமில்லை. ஒரே தடிமன் கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் இருமடிப் பெருக்கத்தில் மாறும். ஆகவே 24.9-ல் இழுவிசை சுமார் 4 சதவீதம் குறைகிறது. விரலுக்கு இதமாக இருக்கும், கம்பியை வளைத்துக் கமகம் எடுப்பதும் எளிது. அதே சமயம் ஓங்கி அடித்தால் கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். 25.4-ல் கம்பி விறைப்பாக நிற்கும், அடிக்கு அசராது. மார்ட்டினின் 000-க்கும் ஓஎம் என்ற இன்னொரு ரகத்துக்கும் உடல் ஒன்றே; 000-28 குட்டை ஸ்கேல், ஓஎம்-28 நீண்ட ஸ்கேல். ஆனால் 000 என்று போட்டிருந்தாலே குட்டை ஸ்கேல் என்று நினைத்துவிட வேண்டாம். 000-15எம் நீண்ட ஸ்கேல்காரர். பெயரை நம்பாமல் 12-ஆம் ஃப்ரெட்டை அளப்பதே வழி.

மூன்றாவது, கழுத்து உடலோடு சேரும் இடம். பழைய கிடார்களில் 12-ஆம் ஃப்ரெட்டில் சேரும். 1929-ல் பேஞ்சோ கலைஞர் பெர்ரி பெக்டெல் கேட்டதற்காக 000-ன் தோள்பகுதியைச் சுருக்கி 14 ஃப்ரெட் வெளியே தெரியும்படி மார்ட்டின் செய்ததுதான் ஓஎம். 12 ஃப்ரெட் கிடாரில் பிரிட்ஜ் ஒலித்துளையை விட்டு விலகி, வயிற்றின் நடுப்பகுதிக்கு நெருங்கி உட்காருகிறது. மேல்பலகையில் அதிகம் அசையக்கூடிய இடம் அதுதான். அதனால் 12 ஃப்ரெட் சின்ன கிடார் தன் அளவுக்கு மீறிய கனிவோடு ஒலிக்கும். மெல்ல விரலால் வாசிப்பவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு அதுவே. மேல் ஃப்ரெட்களில் அதிகம் விளையாடுகிறவர்களுக்கு 14.

சின்ன உடலின் ஒலி ஏன் வேறாக இருக்கிறது என்பதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கம்பிகளைக் கையால் அமுக்கிவிட்டு ஒலித்துளைக்கு அருகே வாயை வைத்து, தாழ்ந்த சுருதியில் 'ம்' என்று ஆரம்பித்து மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கிடாரின் உடல் சட்டென்று பதில் சொல்லும், முதுகுப்பலகை உங்கள் வயிற்றில் அதிர்வது தெரியும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் ஒத்ததிர்வு அது. டிரெட்நாட்டில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். உடல் சிறுக்கச் சிறுக்க மேலே ஏறும். தடித்த ஆறாம் கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ். ஆக, சின்ன கிடாரில் அந்தக் கம்பியின் அடிநாதத்துக்கு உடலின் துணை குறைவு. கம்பி ஒலிக்கும், ஆனால் நெஞ்சில் இடிக்காது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. பாடகரின் குரலோடு மோதாமல் ஒதுங்கி நிற்பது இந்தக் குணத்தால்தான். மைக் முன்னால் வைக்கும்போதும் இது உதவும்: 12-ஆம் ஃப்ரெட்டை நோக்கி 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்தால், டிரெட்நாட்டில் வரும் 'பூம்' என்ற வீக்கம் சின்ன கிடாரில் வெகுவாகக் குறைந்திருக்கும்.

இனி மரத்துக்கு வருவோம். கட்டுரையின் இரண்டாவது தவறு இங்கே. செடார் என்ற சொல்லைத் 'தேவதாரு' என்று எழுதியிருந்தீர்கள். கிடாரின் மேல்பலகைக்குப் போடும் செடார், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் வெஸ்டர்ன் ரெட் செடார். அது துஜா இனம். இமயமலைத் தேவதாரு வேறு குடும்பத்து மரம். போதாக்குறைக்கு, ஸ்பானிஷ் கிடார்களின் கழுத்துக்குப் போடும் 'ஸ்பானிஷ் செடார்' என்பதும் வேறு. அது மஹோகனிக்கும் வேம்புக்கும் உறவான செட்ரெலா. மூன்றுக்கும் பெயரில்தான் ஒற்றுமை.

கிடாரில் ஒலியைப் பிறப்பிப்பது மேல்பலகை. கம்பியின் அசைவை பிரிட்ஜ் வாங்கி அந்தப் பலகைக்குக் கொடுக்கிறது, பலகை காற்றைத் தள்ளுகிறது. அதன் தடிமன் இரண்டரை முதல் மூன்று மி.மீ.தான். சின்ன உடலில் இன்னும் மெலிதாக இழைப்பார்கள். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதால், பத்து சதவீதம் மெலிதாக்கினால் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே மேல்பலகைக்கு வேண்டிய குணம் ஒன்றே: எடை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் இழைவாக்கில் விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் இதில் கெட்டிக்கார மரம். அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ் கன மீட்டருக்குச் சுமார் 425 கிலோ. ராக்கி மலைத்தொடரின் எங்கல்மன் 385 வாக்கில். கிழக்கு அமெரிக்காவின் அடிரான்டாக் எனும் சிவப்பு ஸ்ப்ரூஸ் 435. வெஸ்டர்ன் ரெட் செடார் 370. இந்த எண்கள் சராசரிதான். ஒரே இனத்தின் இரண்டு பலகைகளுக்குள்ளேயே இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு என்பதைத் தொழில் செய்கிறவர்கள் அறிவார்கள்.

சின்ன உடலுக்கு எந்த டாப், அதாவது எந்த மேல்பலகை? விரல்நுனியால் மெதுவாக வாசிப்பவருக்கு செடார் அற்புதம். தொட்டவுடன் முழுநாதம் வந்துவிடும், உழைத்து எழுப்ப வேண்டியதில்லை. 1960-களில் ஸ்பெயினின் ராமிரெஸ் பட்டறை அதை கிளாசிக்கல் கிடாருக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது பரவலானது. ஆனால் பிக் எனும் மீட்டுவில்லையால் ஓங்கி அடித்தால் ஓர் அளவுக்கு மேல் ஒலி ஏறாது, கலங்கும். மரமும் மென்மையானது, நகம் பட்டாலே தழும்பு விழும். சிட்கா எதற்கும் சரிப்படும். மெதுவாக வாசித்தால் சற்று இறுக்கமாகத் தெரியலாம், ஆனால் அடி கூடக் கூட ஒலியும் கூடும். அடிரான்டாக் இன்னும் அதிக அடி தாங்கும். 1940-களுக்கு முன் அமெரிக்கக் கிடார்களில் அதுதான் வழக்கம். மரம் கிடைப்பது அரிதானபின் சிட்கா அந்த இடத்துக்கு வந்தது. எங்கல்மன் செடாருக்கும் சிட்காவுக்கும் நடுவே நிற்கும்.

மஹோகனியை மேல்பலகையாகவே போடும் கிடார்களும் உண்டு. 1922-ல் வந்த மார்ட்டின் 2-17, 1940-ல் தொடங்கிய 15 வரிசை இரண்டும் அந்த வகை. மஹோகனி கன மீட்டருக்கு 590 கிலோ வாக்கில் இருக்கும், எடைக்கேற்ற விறைப்பு ஸ்ப்ரூஸ் அளவுக்குக் கிடையாது. அதனால் ஒலியின் அளவு குறையும். கம்பியை மீட்டும் கணத்தில் வரும் கூர்மையும் மழுங்கும், அடிநாதம் முன்னே நிற்கும். தனியாக உட்கார்ந்து பாடுகிறவருக்கு இது நல்ல துணை. பத்துப் பேர் குழுவில் அமுங்கிப்போகும். வாங்குகிறவர் இதைத் தெரிந்து வாங்க வேண்டும். கோவா (koa) என்ற மரமும் இதே பக்கம்தான். ஹவாய்த் தீவில் வளரும் அந்த அகேசியா மரத்தின் நெருங்கிய உறவான பிளாக்வுட், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் காலத்தில் நட்டுப் பரவிக் கிடக்கிறது.

இப்போது கட்டுரையின் மூன்றாவது, மிகப் பெரிய தவறு: "முதுகும் பக்கமும் ரோஸ்வுட் என்றால் நாதம் உயர்வு, மஹோகனி அதற்கு அடுத்த தரம்." பலா மரத்தில் தஞ்சாவூர் வீணையும், ஆச்சா மரத்தில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் செய்யும் ஊர்க்காரர்கள் நாம். மரம்தான் நாதம் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் கிடாரில் முதுகுப்பலகையின் வேலை வேறு. அது காற்றைப் பெட்டிக்குள் அடைத்து நிறுத்துகிறது, கொஞ்சம் அதிர்கிறது, வாசிப்பவரின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் 1862-லேயே இதைக் காட்டிவிட்டார். முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிடார் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்கும் மேலாக, 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரே கைவினைஞர், ஒரே வடிவம், ஒரே வகை டாப், முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம் என்று ஆறு கிடார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கிடார் கலைஞர்கள் மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு, எது எந்த மரம் என்று தெரியாமல் வாசித்தார்கள். ஒலியின் தரத்துக்கு அவர்கள் தந்த மதிப்பெண் ஆறு கிடார்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டை அவர்களால் தனியே பிரித்துக் கண்டுபிடிக்கவும் இயலவில்லை.

அப்படியானால் முதுகு மரத்துக்கு எந்த மதிப்பும் இல்லையா? இருக்கிறது. ரோஸ்வுட் கன மீட்டருக்கு 830 கிலோ, மஹோகனி 590. ரோஸ்வுட் அதிர்வை எளிதில் விழுங்காது. தட்டினால் கண்ணாடி போல் நீண்டு ஒலிக்கும், மஹோகனி அடக்கமாக 'டொக்' என்னும். ஒரே உடலில் மார்ட்டினின் 18 வரிசை மஹோகனியையும் 28 வரிசை ரோஸ்வுட்டையும் அருகருகே வாசித்தால் முன்னது வறண்டு தெளிவாக இருப்பதாகவும், பின்னது மேலும் கீழும் விரிந்து மினுங்குவதாகவும் வாசிப்பவர்கள் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் அந்த இரண்டு கிடார்களிலும் மேல்பலகை வேறு, பிரேஸ் எனும் உள்பக்கத் தாங்குசட்டங்களைச் சீவிய விதமும் வேறு வேறாக இருக்கலாம். அதனால் கேட்டது முழுவதையும் முதுகின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. எடையில் மட்டும் சந்தேகமே கிடையாது: மஹோகனிக் கிடார் கையில் இலேசாக இருக்கும்.

இந்த ரோஸ்வுட் எங்கிருந்து போகிறது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். நீலகிரி, கூடலூர், வயநாடு, குடகு மலைகளின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள், அதுவே உலகக் கிடார்களின் இந்திய ரோஸ்வுட். பிரேசில் தன் ரோஸ்வுட்டை முழு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபின், 1969-ல் மார்ட்டின் நம் ஈட்டிக்கு மாறியது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியல் தடை 1992-ல் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு வந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட்கள் அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும், அனுமதியோடு மட்டும் ஏற்றுமதி செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலுக்குப் போக, நம் ஈட்டியும் அதில் சிக்கியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. மரம் மெதுவாக வளர்வது, காட்டில் குறைந்துகொண்டே வருவது. அதனால் வால்நட், சபேலி போன்ற மரங்களில் செய்த சின்ன கிடாரைக் கண்டால் 'மட்டமான மரம்' என்று ஒதுக்காதீர்கள் என்று உங்கள் வாசகர்களிடம் உறுதியாகச் சொல்கிறோம். நம் கடைகளில் 'ரோஸ்வுட்' என்று அட்டை தொங்கும் மலிவு கிடார்களில் பெரும்பாலும் இருப்பது ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய ஏடு, சில சமயம் அச்சிட்ட தாள்.

ப்ளைவுட்டா, ஒற்றைப் பலகையா என்பதைக் கண்டுபிடிக்கச் சாமான் எதுவும் வேண்டாம். ஒலித்துளையின் விளிம்பைக் கைபேசி விளக்கில் பாருங்கள். மேலே தெரியும் நேர்க்கோட்டு இழைகள் விளிம்பின் தடிமனுக்குள்ளும் அப்படியே இறங்கினால் ஒற்றைப் பலகை. சாண்ட்விச் போல மூன்று அடுக்கு தெரிந்து, நடு அடுக்கின் இழை குறுக்கே ஓடினால் ப்ளைவுட். விளிம்பில் கறுப்புச் சாயம் அடித்து மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முதுகுக்கு வேறு வழி: வெளியே ஒரு கணுவையோ வளைந்த ரேகையையோ குறித்துக்கொண்டு, ஒலித்துளை வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். உள்ளே வேறு மரம் போலத் தெரிந்தால் அது ஏடு ஒட்டியது. விளம்பரத் தாளில் 'சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்' என்று இருக்க வேண்டும். 'ஸ்ப்ரூஸ் டாப்', 'செலக்ட் ஸ்ப்ரூஸ்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ப்ளைவுட்தான்.

பணம் குறைவென்றால் எங்கள் யோசனை இதுதான்: டாப் மட்டும் ஒற்றைப் பலகை, முதுகும் பக்கமும் ப்ளைவுட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டெய்லர் நிறுவனத்தின் ஜிஎஸ் மினி கிடார் அப்படித்தான், ஸ்கேல் 23½ அங்குலம். ஆங்கிலேயப் பாடகர் எட் ஷீரன் மேடைகளில் தூக்கிப் பிரபலமாக்கிய லிட்டில் மார்ட்டின் எல்எக்ஸ்1இ-யில் முதுகும் பக்கமும் மரமே இல்லை, மேசைப் பரப்புக்கு ஒட்டும் ரகத்து அழுத்தத் தகடு. டாப் மட்டும் ஒற்றைச் சிட்கா. நம் ஊர் ஈரக்காற்றில் ப்ளைவுட் முதுகு வெடிக்காமல் நிற்கும் என்பதும் ஒரு லாபம். பூச்சின் தடிமனையும் கவனியுங்கள். மலிவுக் கிடாரில் பளபளப்புப் பூச்சு கண்ணாடி போல் தடித்திருந்தால், நல்ல டாப்பையும் அது போர்வை போட்டு அமுக்கிவிடும். மெல்லிய மங்கல் பூச்சே மேல்.

கம்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சின்ன உடல், மெல்லிய டாப், சிறு பிரேஸ் கொண்ட கிடாரில் சத்தம் போதவில்லை என்று 13-56 தடிமன் கம்பி (முதல் கம்பி 0.013 அங்குலம், ஆறாம் கம்பி 0.056 அங்குலம்) போடாதீர்கள். 25.4 ஸ்கேலில் 12-53 கம்பித் தொகுதியே சுமார் 73 கிலோ இழுக்கிறது. 13-ஐப் போட்டால் அது 80-ஐத் தாண்டும். அந்த இழுப்பு பிரிட்ஜைத் தலைகுப்புறச் சாய்க்கப் பார்க்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் டாப் உப்பும், முன்னால் ஒலித்துளைப் பக்கம் குழியும். கொஞ்சம் உப்பல் இயல்பு, பலகையை வளைவாகவே ஒட்டுகிறார்கள். குழி விழுந்தால்தான் ஆபத்து. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளின் முனையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. கம்பியைத் தளர்த்திவிட்டு உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். 0, 00 அளவுகளுக்கு 11-52 போதும், 000-க்கு 12-53. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை வைப்பதும் இதே கதியில்தான் முடியும். மரப்பசை சூட்டில் இளகும், கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஈரப்பதம்தான் நம் ஊரில் முதல் எதிரி. கிடார் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் செய்யப்படுவது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் 80-ஐத் தாண்டிவிடும். மரம் ஈரத்தைக் குடித்து இழைக்குக் குறுக்கே விரியும். பக்கங்கள் விடாது பிடித்திருப்பதால் டாப் மேல்நோக்கி உப்பும், பிரிட்ஜோடு கம்பியும் உயரும். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். மழைக்காலத்தில் கம்பி உயர்ந்துவிட்டது என்று சேடிலை எடுத்து உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கிறார்கள். சித்திரையில், அல்லது நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில், மரம் காய்ந்து டாப் இறங்கும்போது கம்பி ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். தேய்த்த சேடில் திரும்ப வளராது. புதிதுதான் போட வேண்டும்.

சரியான முறை இது. சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். 60-க்கு மேல் காட்டினால் துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல் கட்டி, மரத்தில் படாமல் கழுத்தின் தலைப்பக்கம் வையுங்கள். நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். மானி 40-க்குக் கீழே இறங்கினால் ஜெல்லை எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு கையைக் கீறும், டாப்பில் விரிசலும் விழும். பெட்டிக்குள் 50 வாக்கில் இரண்டு வாரம் வைத்தபின் அளவெடுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 வந்தால் நல்ல உயரம். அதற்கு முன் கழுத்தின் வளைவு: ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே சமயம் அழுத்திப் பிடித்து 7-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.15 முதல் 0.25 மி.மீ. சரி. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டை (டிரஸ் ராட்) கால் சுற்று முடுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரே நாளில் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் 12-ல் அரை மி.மீ. கூடுதலாக நின்றால்தான் சேடிலைத் தொட வேண்டும். அங்கே அரை மி.மீ. இறங்க, சேடிலில் ஒரு மி.மீ. குறைக்க வேண்டும். அடிப்பக்கத்தை மட்டும், தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாள் விரித்து, நேராகத் தேய்க்க வேண்டும். அடி சாய்ந்துவிட்டால் சேடில் முழுதாகப் பதியாது, உள்ளே பிக்கப் (அதிர்வை மின்னொலியாக்கும் கருவி) இருந்தால் ஒரு கம்பி உரத்தும் ஒரு கம்பி செத்தும் கேட்கும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த அட்டவணை. 00 என்பதற்கு நேரே 13½ அங்குலம் என்று அச்சாகியிருக்கிறது. அது 0-ன் அளவு. 00-க்கு 14 5/16 என்று திருத்தி வெளியிடும்படிக் கேட்டுக்கொள்கிறோம். அட்டவணையை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருப்பார்கள்.

அன்புடன்,
கிடார் பழுதுபார்க்கும் பட்டறையினர்,
திருச்சிராப்பள்ளி.